பாரிஸ் புறநகரின் பொது அடுப்பு

பாரிஸின் கிழக்கு எல்லையை ஒட்டியுள்ள மோந்த்ரேய் நகரின் பாரா தெருவில், ஒரு காலத்தில் பியானோ செய்துவந்த தொழிற்சாலைக் கட்டடம் 1968இல் ஆப்பிரிக்கத் தொழிலாளர் விடுதியாக்கப்பட்டது. அடுத்த ஐம்பது ஆண்டுகளில் அங்கே தங்கியவர்களில் பெரும்பாலோர் மாலி நாட்டின் மேற்குக் கோடியான காயெஸ் வட்டாரத்திலிருந்து வந்தவர்கள். விடுதியின் சமையற்கூடத்தில் பெரிய அலுமினிய அண்டாக்களில் சோறும் குழம்பும் வெந்தன. தட்டு நிறைய நொய்யரிசிச் சோறு, அதன்மேல் நிலக்கடலை விழுதில் மாட்டிறைச்சியை வேகவைத்த மஃபே குழம்பு, ஒரு துண்டு மரவள்ளிக்கிழங்கு, கொஞ்சம் முட்டைக்கோசும் கேரட்டும், ஓரத்தில் கடித்துக்கொள்ளக் காரமான குண்டு மிளகாய். 2010களில்கூட இப்படியொரு தட்டு இரண்டு, மூன்று யூரோவுக்குக் கிடைத்தது. விடுதிவாசிகள் மட்டும் அங்கே சாப்பிடவில்லை. அக்கம்பக்கத்துக் கட்டட வேலைக்காரர்கள், தெருக் கூட்டுவோர், கையில் காசில்லாத மாணவர்கள் எல்லோரும் வரிசையில் நின்றார்கள். பாரிஸிலும் செயின்ட் டெனி, இவ்ரி போன்ற புறநகர்களிலும் இருந்த பல விடுதிகளில் இதே காட்சிதான். இந்தக் கூடங்களைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் இரண்டு வழிகளில் ஒன்றில் போகிறார்கள். ஆப்பிரிக்கக் கிராமத்தின் கூட்டு வாழ்க்கை கடல் தாண்டி வந்து பிழைத்திருப்பதாக ஒரு சாரார் நெகிழ்கிறார்கள். சுகாதாரமும் சட்டமும் எட்டாத இடம் என்று மற்றொரு சாரார் முகம் சுளிக்கிறார்கள். இரண்டுமே வரலாற்றைத் தவறவிடுகின்றன. அந்த அடுப்பை மூட்டியது பிரான்சின் தொழில் வரலாறு. நாட்டைக் கட்டியெழுப்ப ஆள் வேண்டும், ஆனால் அந்த ஆளின் குடும்பச் செலவு வேண்டாம் என்று அரசும் முதலாளிகளும் முடிவெடுத்தபோது, விடுபட்ட பாரத்தைத் தொழிலாளர்கள் தங்கள் உலையில் ஏற்றிக்கொண்டார்கள். அந்த உலையை அணைத்தவர்களுக்கு அதன் கணக்கைச் சொல்லியாக வேண்டும்.

தட்டிலிருந்தே தொடங்கலாம். அதில் இருக்கும் பொருள்களில் பலவும் காலனி ஆட்சியின் வழியாக வந்தவை. நிலக்கடலை தென் அமெரிக்கப் பயிர். போர்ச்சுக்கீசியர் காலத்தில் மேற்கு ஆப்பிரிக்காவுக்கு வந்தது. 1840களில் பிரான்சின் எண்ணெய் ஆலைகளுக்கும் மார்செய் நகரின் சோப்புத் தொழிலுக்கும் மலிவான எண்ணெய்வித்து தேவைப்பட்டபோது, செனகலின் வயல்கள் மெல்ல மெல்லக் கடலைக் காடுகளாயின. கம்பும் சோளமும் விளைந்த நிலம் ஏற்றுமதிப் பயிருக்குப் போனதும் மக்களுக்குச் சோறு எங்கிருந்து வரும்? பிரெஞ்சு வணிகர்கள் தங்கள் இன்னொரு காலனியான இந்தோசீனாவிலிருந்து அரிசியைக் கப்பலேற்றினார்கள். ஆலையில் உடைந்து கழிக்கப்பட்ட நொய்தான் அதில் மலிவு. அந்த நொய்யைச் செனகல் மக்கள் விரும்பி உண்ணும் உணவாக்கிக்கொண்டார்கள். மீனும் தக்காளியும் நொய்யும் சேர்ந்து வேகும் செபுஜென் அப்படி வளர்ந்ததுதான்; 2021இல் யுனெஸ்கோ அதை மானுடத்தின் மரபுச் செல்வங்களில் ஒன்றாகப் பதிவு செய்தது. இன்றும் முழு அரிசி கையில் இருந்தாலும் நொய்யையே தேடி வாங்கும் வீடுகள் அங்கே ஏராளம். குழம்பை உறிஞ்சிக்கொள்ளும் பதம் அதற்குத்தான் உண்டு. செனகல் ஆற்றுப் பள்ளத்தாக்கின் வணிகத்தில் நம் பக்கத்துச் சரக்கும் கலந்திருக்கிறது. 18, 19ஆம் நூற்றாண்டுகளில் அந்த ஆற்றங்கரையில் கருவேலம் பிசினுக்கு விலையாகக் கைமாறியது புதுச்சேரியில் நெய்து அவுரியில் தோய்த்த நீலத் துணி. அங்கே அது உடுதுணியாக மட்டுமல்லாமல் நாணயமாகவே புழங்கியது. ஆகவே அந்தத் தட்டைத் தூய ஆப்பிரிக்கப் பழமை என்று கொண்டாடுவோர், அதில் கலந்திருக்கும் முந்நூறு ஆண்டு வணிகத்தையும் ஆதிக்கத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

காயெஸ் வட்டாரம் உட்பட அந்த ஆற்றங்கரையில் வாழும் சொனின்கே மக்கள்தாம் பிரான்சின் ஆப்பிரிக்க விடுதிகளை முதலில் நிரப்பியவர்கள். வறுமை துரத்தியதால் கிளம்பினார்கள் என்று சொல்லிவிடுவது எளிது. பிரான்சுவா மான்ஷுவேல் என்ற வரலாற்றாசிரியர் இந்த எண்ணத்தை ஆவணங்களைக் கொண்டு மறுத்தார். 1997இல் வெளிவந்த அவருடைய நூல் காட்டும் சித்திரம் வேறு. சொனின்கே மக்கள் நெடுங்காலமாக வணிகத்துக்காகவும் பருவகால வேலைக்காகவும் ஊர்விட்டு ஊர் போய்ப் பொருளோடு திரும்பியவர்கள். ஆற்றில் ஓடிய பிரெஞ்சுப் படகுகளில் கூலிக்கு ஏறினார்கள்; மழைக்காலத்தில் செனகல், காம்பியா கடலைக் காடுகளுக்குப் போனார்கள்; பிறகு கப்பல்களின் கொதிகலன் அறைகளில் நிலக்கரி அள்ளிப் போடும் வேலையில் சேர்ந்து மார்செய் வரை வந்தார்கள். கௌரவமான குடும்பத்துப் பிள்ளைகளும் அவர்களில் இருந்தார்கள். நம் கதைக்கு முக்கியமானது அந்தப் பயணங்களின் சோற்று ஏற்பாடு. கடலைக் காட்டுக்குப் போன பருவத் தொழிலாளிக்கு ஊரில் ஒரு வீட்டுக்காரர் இடமும் சாப்பாடும் தருவார். வாரத்தில் சில நாள் அவருடைய நிலத்தில் இவன் உழைப்பான். மற்ற நாள்களில் தனக்கென்று ஒதுக்கிய துண்டில் கடலை போட்டு விற்றுக்கொள்வான். வந்தவனுக்குச் சோறு போடுவது அங்கே வெறும் தயவாக இருந்ததில்லை. உழைப்போடு கணக்குத் தீர்க்கும் ஒப்பந்தம் அது. சொந்த ஊரிலும் குடும்பம் என்றால் பெரும்பாலும் அண்ணன் தம்பிகள், அவர்கள் மனைவி மக்கள் அடங்கிய பெரிய கூட்டம். மூத்தவர் பொறுப்பில் பொது நிலம், பொதுக் குதிர், பொது உலை. காலை வேளை பொது நிலத்தில் உழைப்பு, பிறகுதான் அவரவர் துண்டு நிலம். யார் எந்தக் குதிரிலிருந்து உண்கிறார்கள் என்பதுதான் யார் எந்தக் குடும்பம் என்பதைத் தீர்மானித்தது. இப்படிச் சோற்றையும் உழைப்பையும் கணக்கு வைத்துப் பழகியவர்கள்தாம் 1960களில் பிரான்சுக்கு வந்து இறங்கினார்கள்.

அவர்களை வரவேற்க அங்கே ஒரு கூரையும் இருக்கவில்லை. கார்த் தொழிற்சாலைகளுக்கும் கட்டட வேலைக்கும் நகரத் துப்புரவுக்கும் ஆள் தேவைப்பட்டது. ஆளுக்குத் தூங்க இடம் வேண்டும் என்பது யார் கணக்கிலும் வரவில்லை. நிலவறைகளிலும் கைவிட்ட பட்டறைகளிலும் படுக்கையை வாடகைக்கு விட்டுப் பிழைத்தவர்களைப் பிரெஞ்சுக்காரர்கள் தூக்க வியாபாரிகள் என்று அழைத்தார்கள். இரவு வேலைக்காரன் எழுந்துபோன படுக்கையில் பகல் வேலைக்காரன் படுத்தான். அல்ஜீரியத் தொழிலாளர்களுக்காக அரசு 1956இலேயே சொனக்கொத்ரல் என்ற வீட்டுவசதி நிறுவனத்தை நிறுவியிருந்தது; 1963இல் அதன் பொறுப்பு எல்லாக் குடியேறிகளுக்குமாக விரிவடைந்து, பெயரும் சொனக்கொத்ரா என்று சுருங்கியது. சகாராவுக்குத் தெற்கிலிருந்து வந்தவர்களுக்காக 1962இல் ஆஃப்தாம் போன்ற சங்கங்கள் தோன்றின. பழைய தொழிற்சாலைகளை வாங்கியோ வாடகைக்குப் பிடித்தோ இரும்புக் கட்டில்களை வரிசையாகப் போட்டு விடுதி என்று பெயர் வைத்தார்கள். நிர்வாகிகள் அப்போது ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள்: ஆப்பிரிக்கர்கள் இனக்கூட்டமாக வாழப் பழகியவர்கள், அவர்களுக்குத் தனியறை தேவையில்லை, பெரிய தூங்கும் கூடமும் பொதுச் சமையலறையும் போதும். செலவு குறைகிறது என்ற வசதியை அவர்கள் பண்பாட்டு மரியாதை என்று சொல்லிக்கொண்டார்கள். முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு அதே பொதுச் சமையலறையைக் குற்றமாக எழுதியவர்களும் அதே நிர்வாகத் துறையின் வாரிசுகள்தாம் என்பதை மறந்துவிடக் கூடாது.

1970 ஜனவரி தொடக்கத்தில் ஓபர்வில்லியே நகரில் ஒரு விடுதியில் ஐந்து ஆப்பிரிக்கத் தொழிலாளர்கள் மூச்சுத் திணறி இறந்தார்கள். குளிர்காய வழியில்லாத கட்டடத்தில் நெருப்பு மூட்டிவைத்துப் படுத்தவர்கள் அவர்கள். அந்தச் சாவு பிரான்சை உலுக்கியது. எழுத்தாளர்கள் மார்கரித் துராஸ், ழான் ழெனே உள்ளிட்டோர் முதலாளிகள் சங்கத்தின் தலைமையகத்தை முற்றுகையிட்டார்கள். பிரதமர் ஷபான் தெல்மா புறநகர்க் குடிசைகளைப் பார்வையிட வந்தார். அதே ஆண்டு ஜூலையில் குடியிருக்கத் தகாத வீடுகளை ஒழிக்கும் சட்டம் நிறைவேறியது. ஆனால் விடுதிவாசிகள் பிறர் இரக்கத்துக்காகக் காத்திருக்கவில்லை. செயின்ட் டெனியிலும் இவ்ரியிலும் அதற்கு முன்பே வாடகை தர மறுத்துப் போராட்டம் தொடங்கியிருந்தது. 1975இல் செயின்ட் டெனியின் சொனக்கொத்ரா விடுதி ஒன்றில் மூண்ட வாடகை மறுப்பு நாடெங்கும் பரவி, பல்லாயிரம் பேர் பங்கேற்க, ஐந்தாண்டுகள் நீடித்தது. வாடகைக் குறைப்பு, குடியிருப்பாளர் என்ற சட்ட அந்தஸ்து, விருந்தினரை அழைக்கும் உரிமை ஆகியவை அவர்கள் வைத்த கோரிக்கைகள். இந்தக் கூட்டங்கள் எங்கே நடந்தன? மேலாளரின் அலுவலகத்தில் நடந்திருக்க முடியாது. உணவுக் கூடத்தில், சாப்பாட்டு வேளையில், எல்லா ஊர்க்காரர்களும் ஒன்றாக உட்காரும் ஒரே இடத்தில்தான் அவை நடந்தாக வேண்டும். ஆயிரம் தனித்தனி ஸ்டவ்களிலிருந்து ஐந்தாண்டு வேலைநிறுத்தம் பிறக்காது என்பது என் துணிபு.

ஆரம்ப ஆண்டுகளில் சமையல் முறைவைத்து நடந்தது. ஒரே ஊரைச் சேர்ந்தவர்கள், அல்லது அடுத்தடுத்த ஊர்க்காரர்கள், ஓர் உலைக் கூட்டமாகச் சேர்வார்கள். மாதம் ஆளுக்கு ஒரு தொகை. இளையவர்கள் முறை போட்டுச் சமைப்பார்கள். வெங்காயத்தை எண்ணெயில் சிவக்க வதக்கி, தக்காளி விழுதும் இறைச்சியும் சேர்த்து, தண்ணீரில் கரைத்த கடலை விழுதை ஊற்றி, எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும்வரை சிறுதீயில் கொதிக்க விட வேண்டும். பொறுமையில்லாதவன் வைக்கும் மஃபே அடிப்பிடித்துப் போகும். ஊரில் பெண்கள் மட்டுமே செய்த வேலையை ஆண்கள் அங்கேதான் முதல்முறையாகக் கற்றார்கள். பெரிய வட்டப் பாத்திரத்தைச் சுற்றி உட்கார்ந்து, வலக்கையால், அவரவர் முன்னால் இருக்கும் பகுதியை மட்டும் எடுத்து உண்பார்கள். நடுவில் இருக்கும் இறைச்சியை மூத்தவர் பிய்த்துப் பங்கிடுவார். புதிதாக வந்தவனுக்கு வேலை கிடைக்கும்வரை காசு கேட்பதில்லை. வேலை போனவனுக்கும் அப்படியே. அரசாங்கம் தராத வேலையில்லாக் கால உதவி, வந்திறங்கியவனுக்கான அடைக்கலம், நோய்க்காலத் துணை எல்லாம் அந்தப் பாத்திரத்திலிருந்தே கிடைத்தன.

இதன் பொருளாதாரத்தைக் கூர்மையாகக் கண்டவர் மானுடவியலாளர் குளோத் மெய்யாசு. 1975இல் வெளிவந்த அவருடைய நூல் ஒரு கேள்வியை எழுப்பியது: ஒரு தொழிலாளியைப் பெற்று வளர்த்து ஆளாக்கியது யார், முதுமையில் அவனுக்குச் சோறு போடப்போவது யார்? இரண்டுக்கும் பதில் ஆப்பிரிக்கக் கிராமத்துப் பெண்களும் குதிர்களும் என்றால், அவனை நடுவயதில் மட்டும் பயன்படுத்திக்கொள்ளும் பிரெஞ்சுத் தொழிற்சாலை அந்தக் கிராமத்திடமிருந்து இலவசமாக ஒரு மானியத்தைப் பெறுகிறது. மெய்யாசு கிராமத்தின் பக்கத்திலிருந்து போட்ட கணக்கை விடுதியின் பக்கத்திலிருந்தும் போட வேண்டும் என்று நினைக்கிறேன். ஒருவன் தனியாகச் சமைத்தோ கடையில் வாங்கியோ சாப்பிட்டால், அன்றைய கூலியில் பெரும்பகுதி அதற்கே போயிருக்கும். பொது உலை அந்தச் செலவைக் குறைத்தது. மிச்சம் பிடித்த பணம் ஊருக்குப் போனது. வீட்டுக்கு அனுப்பியது போக, ஒவ்வோர் ஊர்க்காரர்களும் ஒரு பொதுப் பெட்டி வைத்துச் சேர்த்தார்கள். காயெஸ் வட்டாரக் கிராமங்களில் மசூதிகளும் கிணறுகளும் மருந்தகங்களும் பள்ளிக்கூடங்களும் அந்தப் பெட்டிகளிலிருந்து எழுந்தன. 1968க்குப் பின் சாகேல் பகுதியைத் தாக்கிய பெரும் வறட்சியில் பல கிராமங்கள் தாக்குப்பிடித்ததற்குப் பாரிஸிலிருந்து வந்த பணம் ஒரு பெரிய காரணம். செயின்ட் டெனியின் பினெல் தெரு விடுதியில் வாழ்ந்து, அந்த வாழ்க்கையைப் படம்பிடித்த பூபா தூரே என்ற மாலித் தொழிலாளர் இன்னும் ஒரு படி மேலே போனார். வறட்சியின் கோரத்தைக் கண்டு, அவரும் தோழர்களும் பிரெஞ்சு விவசாயிகளிடம் பயிற்சி பெற்று, 1977இல் ஊர் திரும்பி, காயெஸ் நகருக்கு அருகே செனகல் ஆற்றங்கரையில் சொமன்கிதி கூரா என்ற கூட்டுறவுப் பண்ணையைத் தொடங்கினார்கள். பண்ணை வேரூன்றி நின்றது.

1974 ஜூலையில் பிரான்ஸ் வேலைக்கான குடியேற்றத்தை நிறுத்தியது. அதுவரை அண்ணன் சில ஆண்டு உழைத்து ஊர் திரும்புவான், அவன் படுக்கைக்குத் தம்பி வருவான். கதவு அடைபட்டதும் ஊருக்குப் போனால் திரும்ப முடியாது என்ற பயத்தில் இருந்தவர்கள் அங்கேயே தங்கிப்போனார்கள். வயது கூடியது, அனுமதியில்லாமல் வந்த தம்பிகள் அதே அறையில் தரையில் படுத்தார்கள். உலைக் கூட்டம் பெருத்து, முறைச் சமையல் தாங்காமல் போனபோது பெண்கள் வந்தார்கள். குடும்பத்தோடு சேர வந்து அக்கம்பக்கத்தில் வசித்தவர்கள், கணவனை இழந்தவர்கள், குடியிருப்பு அனுமதியில்லாததால் வேறெங்கும் வேலை கிடைக்காதவர்கள். விடியலில் சந்தைக்குப் போய் மூட்டை மூட்டையாக வெங்காயம் வாங்கி, மதியத்துக்குள் நூற்றுக்கணக்கானோருக்குச் சமைத்து முடிப்பார்கள். இப்படித்தான் உலைக் கூட்டம் உணவுக் கூடமானது. பாத்திரத்துக்குப் பதில் தட்டு வந்தது, மாதப் பங்குக்குப் பதில் தட்டுக்கு இத்தனை என்று காசு வந்தது, அடையாளம் கேட்காமல் யாரையும் சாப்பிட விட்டார்கள். சோறு, மஃபே, எலுமிச்சையும் வெங்காயமும் சேர்ந்த யஸ்ஸா கோழி, சில நாள் ஃபோனியோ என்ற சிறுதானியம். விடுதியைச் சுற்றி வறுத்த சோளம் விற்பவர், கோலாக் கொட்டை விற்பவர், முடிதிருத்துபவர், தையல்காரர், கொல்லர் என்று ஒரு கடைத்தெருவே வளர்ந்தது.

1996இல் ஆன்ரி கூக் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் பிரதமரிடம் விடுதிகளைப் பற்றி அறிக்கை தந்தார். நெரிசல், முறைசாரா வணிகம், இனவாரியாக ஒதுங்கி வாழ்தல், சட்டம் நுழையாத இடம் என்று அதன் பக்கங்கள் நிரம்பியிருந்தன. மறு ஆண்டே அரசு பெரிய சீரமைப்புத் திட்டத்தை அறிவித்தது: ஏறத்தாழ 700 விடுதிகளில் மிக மோசமானவற்றை இடித்தோ மாற்றியோ, தனித்தனி ஸ்டூடியோ அறைகள் கொண்ட சமூகக் குடியிருப்பாக்குவது. ஒவ்வோர் அறையிலும் குளியலறை, இரண்டு அடுப்புள்ள சிறு சமையல் மேடை. பொதுச் சமையலறை வரைபடத்திலிருந்தே போனது. கூட்டம் போடும் அறைகளும் பல இடங்களில் சுருங்கின. குடியிருப்பாளர் குழுக்களும், அவர்களுக்குத் துணையாக அதே 1996இல் தோன்றிய கொப்பாஃப் என்ற கூட்டமைப்பும் எதிர்த்தார்கள். விடுதிகளைப் புதுப்பிப்பது வேண்டும், சமையற்கூடமும் வேண்டும் என்பதே அவர்கள் நிலை. பெரும்பாலான இடங்களில் தோற்றார்கள்.

சீரமைப்பின் பக்கம் நியாயமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். நானூறு பேருக்கான கட்டடத்தில் அதைவிட மிகக் கூடுதலானோர் வாழ்ந்தால் சாக்கடை அடைக்கும், மின்கம்பி எரியும், அடுப்படியில் கரப்பான் பெருகும். தனியறை வேண்டும் என்று கேட்டதே விடுதிவாசிகள்தாம். எட்டுப் பேர் அறையில் நாற்பதாண்டு படுத்தவருக்குச் சொந்தக் கதவும் சாவியும் பெரிய விஷயம். ஆனால் அசுத்தம் சமையலால் வந்ததா, பராமரிக்காததால் வந்ததா? மாதம் தவறாமல் கட்டணம் வசூலித்த நிர்வாகச் சங்கங்களுக்குக் குழாயும் புகைபோக்கியும் பழுதுபார்க்கும் கடமை இருந்தது. பாரா தெரு விடுதியை ஆண்டுக்கணக்காகச் சிதைய விட்டார்கள். 2018இல் மோந்த்ரேய் மேயர் காலியாகக் கிடந்த ஓர் அரசுப் பயிற்சிக் கட்டடத்தைக் கையகப்படுத்தி அங்கிருந்தவர்களைக் குடியேற்ற வேண்டிவந்தது. நூறு பேருக்குச் சமைக்கும் பள்ளிக்கூடங்களும் மருத்துவமனைகளும் பிரான்சில் சுகாதார விதிகளுக்கு உட்பட்டே நடக்கின்றன. விடுதிச் சமையலறையையும் அப்படி நடத்தியிருக்க முடியும். சில விடுதிகளில் அது சங்க உணவகமாகப் பதிவாகி, சமைக்கும் பெண்களுக்குச் சம்பளமும் ஒப்பந்தமும் கிடைத்திருக்கின்றன. ஆகவே முடியாது என்று சொல்ல இடமில்லை. மனமில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

வரி கட்டும் உணவகங்களுக்கு இது போட்டி என்பது இன்னொரு குற்றச்சாட்டு. இரண்டு யூரோ சோற்றுக்கு வரிசையில் நின்றவர் அது இல்லையென்றால் பதினைந்து யூரோ மேசைக்குப் போயிருக்கமாட்டார். ரொட்டித் துண்டோடு படுத்துக்கொண்டிருப்பார். மேலும் பாரிஸ் உணவகங்களின் பின்கட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே பாத்திரம் கழுவி, காய் நறுக்கி, இறைச்சி வாட்டி நிற்பவர்களில் மாலிக்காரர்களும் ஈழத் தமிழர்களும் எத்தனை பேர் என்று. 2008 ஏப்ரலில் குடியிருப்பு ஆவணமில்லாத நூற்றுக்கணக்கான தொழிலாளர்கள் வேலையை நிறுத்திப் போராடியபோது, அவர்களில் கணிசமானோர் உணவகச் சமையற்காரர்கள். பகலில் பாரிஸுக்குச் சமைத்துவிட்டு இரவில் விடுதிக்குத் திரும்பியவர்களுக்குத்தான் அந்த மஃபே.

கனமான எதிர்ப்பு வேறிடத்திலிருந்து வருகிறது. பொது உலை சமத்துவத்தின் உலையாக எப்போதும் இருந்ததில்லை. சொனின்கே சமூகத்தில் சுதந்திரக் குடியினரான மேல்குலத்தார், கைவினைஞர், அடிமை மரபினர் என்ற பிறப்புப் படிநிலை இருந்தது. அது பாரிஸுக்கும் கப்பலேறி வந்தது. சில விடுதிகளில் அடுப்படி வேலை இளையவர்கள்மீதும் அடிமை மரபில் பிறந்தவர்கள்மீதும் விழுந்தது. முடிவெடுக்கும் பேச்சு மேல்குலத்து மூத்தவர்களிடம் இருந்தது. பிற்காலத்தில் அந்த இழிவைச் சுமந்தவர்களின் பிள்ளைகள் புலம்பெயர்ந்த நாட்டிலிருந்தே சொனின்கே சமூகத்தின் வழிவழி அடிமைத்தனத்துக்கு எதிராகக் குரல் எழுப்பினார்கள். பெண்களின் நிலையும் பெருமைப்படத்தக்கதல்ல. விடியலிலிருந்து இரவுவரை நின்று சமைத்தவர்களுக்கு ஓய்வூதியம் இல்லை, விபத்துக் காப்பீடு இல்லை, காவலர் வந்தால் பின்வாசல் வழி ஓட வேண்டும். இதை ஒப்புக்கொள்ளாமல் அந்தக் கூடத்தைப் புகழ்பவர்கள் அங்கே உழைத்தவர்களுக்குத் துரோகம் செய்கிறார்கள். ஆனால் அதற்கு மருந்து என்ன? கூடத்தை மூடியதால் அந்தப் பெண்களின் வேலை சட்டபூர்வமாகிவிடவில்லை, வேலையே போனது. பலர் தெருவோரம் தள்ளுவண்டியில் சோற்றை வைத்து விற்கத் தள்ளப்பட்டார்கள். அவர்களுக்குத் தேவைப்பட்டது குடியிருப்பு அனுமதியும் வேலை ஒப்பந்தமும். அதைத் தரும் அதிகாரம் கூடத்தை மூடிய அதே அரசிடம்தான் இருந்தது. ஒதுங்கி வாழ்கிறார்கள் என்ற குற்றச்சாட்டுக்கும் இங்கே பதில் இருக்கிறது. பிரெஞ்சு மாணவனும் அல்ஜீரிய முதியவரும் மாலித் தொழிலாளியும் ஒரே மேசையில் சாப்பிட்ட இடம் அந்தப் பகுதிகளில் விடுதிக் கூடத்தைத் தவிர வேறு எத்தனை இருந்தன? அந்த மேசையை அகற்றியவர்கள் ஒன்றிணைப்பைப் பற்றிப் பேசுவது எனக்கு விளங்கவில்லை.

இப்போது சீரமைத்த விடுதிகளின் ஸ்டூடியோ அறைகளில் இருப்பவர்களில் ஏராளமானோர் முதியவர்கள். நாற்பது ஆண்டுகள் சாலை போட்டும் கார் உதிரி கோத்தும் குப்பை அள்ளியும் முடித்தவர்கள். வேலைக்காலம் முழுவதும் பதிவாகாமல் போனதால் பலருடைய ஓய்வூதியம் சொற்பம். அதை நிரப்ப அரசு தரும் முதியோர் உதவியைப் பெற ஆண்டில் ஆறு மாதத்துக்கு மேல் பிரான்சில் இருந்தாக வேண்டும் என்று விதி இருந்தது. 2023 செப்டம்பர் முதல் அது ஒன்பது மாதமானது. மனைவியும் பேரப்பிள்ளைகளும் காயெஸில் இருக்க, எழுபது வயதில் ஒருவர் பதினைந்து, பதினெட்டு சதுர மீட்டர் அறையில் ஆண்டின் முக்கால்வாசியைக் கழிக்கிறார். அங்கே உள்ள சமையல் மேடையில் பெரிய அண்டா ஏறாது. சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உள்ளவர் என்ன சாப்பிட்டார், சாப்பிட்டாரா என்று கேட்க அடுத்த இருக்கையில் ஆளில்லை. பிரான்சுக்குத் தன் இளமையைக் கொடுத்தவர் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. இன்னும் இடிக்கப்படாமல் நிற்கும் விடுதிகளின் புதிய வரைபடங்களில் தனியறைகளோடு ஒரு முழு அளவுச் சமையற்கூடத்தையும் நூறு பேர் உட்காரும் உணவுக் கூடத்தையும் சேர்க்க வேண்டும். அங்கே சமைக்கும் பெண்களுக்கு அனுமதியும் சம்பளமும் ஓய்வூதியமும் தர வேண்டும். அரசும் நகராட்சிகளும் நிர்வாகச் சங்கங்களும் இந்தக் கடனை அந்தத் தலைமுறை உயிரோடு இருக்கும்போதே தீர்க்கட்டும்.